சிற்றரங்கிலிருந்து இசைத்தட்டுக்கு: பாரிஸ் ஷான்சோன் கேட்கப்பட்ட வரலாறு

பாடலை அமைதியாக உட்கார்ந்து, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்கும் வழக்கம் பாரிஸ் நகரத்தில் தொன்றுதொட்டு இருந்ததன்று. 1950களில் வெளிவந்த பிரெஞ்சு ஷான்சோன் இசைத்தட்டுகளை இன்று கேட்பவர், ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் ஒலிக்கும் அந்தத் தனிமையை அவ்விசையின் பிறவிக்குணம் என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அந்த அமைதி, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இரைச்சலுக்கு நடுவே பாடிப் பழகிய ஒரு தொழில், போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சிறிய அறைகளிலும் புதிய வகைத் தட்டுகளிலும் ஈட்டிக்கொண்ட உடைமையாகும். ஷான்சோன் என்பது பிரெஞ்சில் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் பெயரே ஆயினும், இங்கே அது சாகித்தியம் முன்னே நிற்க இசை அதைத் தாங்கி வரும் பாடல்வகையைக் குறிக்கிறது. குப்ளே எனப்படும் சரணங்களும் அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் கொண்டு, ஒரு கதையையோ ஒரு மனிதரின் உருவத்தையோ சில நிமிடங்களில் சொல்லி முடிப்பது அதன் அமைப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பாடல்கள் ஒலித்த இடம் ‘கஃபே கோன்செர்’ எனப்பட்ட பாட்டுச்சாலை. குடிப்பதற்கும் புகைப்பதற்கும் பேசுவதற்கும் வந்தவர்கள் நடுவே மேடை அமைத்துப் பாடகர்களை நிறுத்திய இக்கடைகளில் பாட்டு விற்பனைக்குரிய சரக்கன்று, சரக்கை விற்பதற்கான வழியே. பாடியவருக்குக் கூலி கிடைத்தது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1847இல் ஷான்செலிசே பகுதியில் இருந்த ‘அம்பாசதேர்’ கடையில் அமர்ந்திருந்த பாடலாசிரியர் எர்னெஸ்த் பூர்ழேயும் அவருடைய தோழர்களான இசையமைப்பாளர்களும், தங்கள் பாட்டைக் கடைக்காரர் காசு தராமல் பயன்படுத்தும்போது அவருடைய பானத்துக்குத் தாங்களும் காசு தரவேண்டியதில்லை என்று மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்று ஆசிரியர்கள் பக்கம் தீர்ந்தது; அதன் விளைவாக 1851இல் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் ஆகியோருக்கான உரிமைத்தொகையைத் தண்டும் ‘சாசெம்’ என்ற சங்கம் உருவாயிற்று. பாட்டு எழுதுவதை மட்டுமே நம்பி ஒருவர் பிழைக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகே ஏற்பட்டது என்பதால், பின்னாளில் பிராசான்ஸ், பிரெல் போன்ற பாடகர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேர் அந்தக் கடையின் பாக்கிச் சீட்டில் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் உரிமைத்தொகை வந்ததே தவிர அமைதி வரவில்லை. இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்பதால் பாட்டு கத்திப் பாடுவதற்கு ஏற்றதாக, கூட்டம் சேர்ந்து பாடும் பல்லவியுடையதாக எழுதப்பட்டது. சொல்லின் நுட்பத்துக்கு முதல் இடம் கொடுத்தது 1881இல் ரோதோல்ஃப் சலி மோன்மார்த்ர் குன்றின் அடியில் தொடங்கிய ‘ஷா நுவார்’ (கருப்புப் பூனை) என்ற விடுதி. கவிஞர்களும் ஓவியர்களும் கூடிய அவ்விடத்தில் பாட்டும் கவிதை வாசிப்பும் ஒரே மேடையில் நடந்தன. அங்கிருந்து கிளம்பிய அரிஸ்தித் பிரூவான் தெருவோரத்து மனிதர்களை அவர்களுடைய கொச்சைமொழியிலேயே பாடினார். இவெத் கில்பேர் அசையாமல் நின்று, நீண்ட கருப்புக் கையுறையணிந்த கைகளாலும் தெளிந்த உச்சரிப்பாலும் பாட்டைச் சொல்லிக் காட்டும் முறையை நிலைநிறுத்தினார். தூலூஸ்-லோத்ரெக் வரைந்த சுவரொட்டிகளில் இவ்விருவரும் இன்றும் இருக்கிறார்கள்.

அதே ஷா நுவார் வட்டத்தைச் சேர்ந்த கவிஞர் ஷார்ல் குரோ இவ்வரலாற்றில் ஒரு விசித்திரமான இடம் பெறுகிறார். 1877 ஏப்ரலில் அவர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட உறையொன்றை ஒப்படைத்தார். ஒலியின் அதிர்வை வரிப்பள்ளமாகப் பதித்து அதே பள்ளத்தின் வழியே மீண்டும் ஒலியாக்கும் கருவியின் கோட்பாடு அதில் எழுதப்பட்டிருந்தது. கருவியைச் செய்து பார்க்க அவருக்கு வசதி வாய்க்கவில்லை; அவ்வாண்டின் இறுதிக்குள் அமெரிக்காவில் எடிசன் செய்து முடித்துவிட்டார். குரோ 1888இல் மறைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் சிறந்த இசைத்தட்டுகளுக்குப் பரிசு வழங்க அமைந்த குழு, எந்த நிறுவனத்தின் பெயரையும் நாடாமல் இக்கவிஞரின் பெயரையே சூடிக்கொண்டு ஷார்ல் குரோ அகாதெமி ஆயிற்று. கவிதைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒரே மூதாதை உண்டு என்று கருதிய ஒரு நாட்டில்தான் பின்வரும் கதை நடக்க முடிந்தது.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வானொலியும் ஒலிவாங்கியும் பாடும் முறையை மாற்றின. ஒலிவாங்கி வந்தபின் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்தவேண்டிய தேவை நீங்கியது. ஷார்ல் திரெனே தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, ஜாஸின் துள்ளலோடு மெல்லிய குரலில் பாடிய பாட்டுகள் 1930களின் இறுதியில் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டின. எழுத்து, இசை, பாட்டு மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் கலைஞர் என்ற உருவம் அவரிடமிருந்தே வலுப்பெறுகிறது. எதித் பியாஃப் வேறு வழியைச் சேர்ந்தவர். 1935இல் தெருவில் பாடிக்கொண்டிருந்தபோது லூயி லெப்லே என்ற விடுதிக்காரரின் கண்ணில் பட்டு மேடையேறிய அவர், சில பாட்டுகளைத் தாமே எழுதியிருந்தாலும் பெரும்பாலும் பிறர் எழுதியவற்றைத் தம் குரலின் வேகத்தால் தமதாக்கிக்கொண்டவர். மார்கரித் மோனோ என்ற பெண் இசையமைப்பாளர் அவருக்கு அமைத்துத் தந்த மெட்டுகள் தனி ஆய்வுக்குரியவை. ஆயினும் ஷான்சோன் என்றதும் பியாஃப் ஒருவரையே நினைக்கும் வெளிநாட்டு வழக்கம், அவரைச் சுற்றியிருந்த பெரிய எழுத்து மரபை மறைத்துவிட்டது.

1944இல் பாரிஸ் விடுதலையடைந்தபின் சேன் ஆற்றின் இடக்கரையில் உள்ள சேன்-ழெர்மேன்-தெ-பிரே பகுதியில் எழுத்தாளர்களும் மாணவர்களும் கூடினார்கள். நிலவறைகளில் ஜாஸ் ஒலித்தது. தோஃபீன் தெருவில் 1947இல் திறந்த ‘தபூ’ அவற்றுள் பெயர்பெற்றது. அங்கே பழகிய ழூலியெத் கிரேகோ, போரின்போது கைதாகிச் சிறையிருந்தவர். அவருடைய தாயும் தமக்கையும் ராவன்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு மீண்டவர்கள். பாடகியாகத் தொடங்கும்போது அவர் பாட்டாசிரியர்களைத் தேடிப் போகாமல் கவிதை நூல்களைத் தேடிப் போனார். ரேமோன் கெனோவின் கவிதை ஒன்றும் சார்த்தர் எழுதித் தந்த வரிகளும் அவருடைய முதல் பாட்டுகளாயின. இரண்டுக்கும் இசையமைத்தவர் ழோசெஃப் கோஸ்மா என்ற ஹங்கேரியர். கவிஞர் ழாக் பிரெவேரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘லெ ஃபேய் மோர்த்’ (உதிர்ந்த இலைகள்) 1946இல் வந்த ஒரு திரைப்படத்துக்காகப் பாட்டாக்கப்பட்டது. படம் தோற்றது, பாட்டு உலகெங்கும் சென்றது. அச்சில் வந்த கவிதையை மேடையில் பாடலாம், பாடும்போது அதன் சொல் சிதையக் கூடாது என்ற இருவிதிகளை இக்கூட்டணி நிறுவிற்று.

பின்வந்த பத்தாண்டுகளில் இடக்கரையெங்கும் ‘கபரே’ எனப்பட்ட சிற்றரங்குகள் முளைத்தன. ஆட்டமும் ஆடம்பரமும் கொண்ட வலக்கரைக் கேளிக்கை மண்டபங்களோடு இவற்றுக்குப் பெயரொற்றுமை தவிர வேறொன்றும் இல்லை. சேன் ஆற்றங்கரையில் கிரான்-ஓகுஸ்தேன் துறையை ஒட்டியிருந்த ‘லெக்லூஸ்’ (மதகு) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படகோட்டிகளின் குடிக்கடையாக இருந்த அந்த இடத்தை 1951இல் நான்கு கலைஞர்கள் தாங்களே ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். நூறுபேர்கூட அமர முடியாத நீண்ட ஒடுங்கிய அறை. கோடியில் கையகல மேடை. சுவரோடு ஒட்டிய பியானோ. முதல் வரிசையில் இருப்பவரின் முழங்கால் மேடையைத் தொடும் அளவுக்கு இடம் குறைந்திருந்ததால், பாடுபவர் மூச்சை இழுப்பதும் விரல் விசையை அழுத்துவதும் எல்லோருக்கும் கேட்டன. வருமானம் மிகக் குறைவு என்பதால் ஒரே இரவில் இரண்டு மூன்று அரங்குகளுக்கு நடந்தோ ஓடியோ போய்ச் சில பாட்டுகள் பாடிப் பிழைத்தவர்கள் பலர். பின்னாளில் பெரும்புகழ் எய்திய பெயர்களில் பாதிக்கு மேல் இத்தகைய ஓட்டத்தில் பழகியவையே. பெரிய அரங்கில் ஒரு கையசைப்பால் ஈடுகட்டிவிடக்கூடிய பலவீனமான வரி இந்த அறைகளில் ஒளிய இடமின்றி வெளிப்பட்டுவிடும். 1950களின் பாட்டு இவ்வளவு செறிவாக எழுதப்பட்டதற்குக் கவிஞர்களின் மேதைமை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அறையின் அளவு.

இச்சிற்றரங்குகளையும் ஒலிப்பதிவுத் தொழிலையும் இணைத்தவர் ழாக் கனெத்தி. பல்கேரியாவில் பிறந்து பாரிசில் நிலைத்த இவர், பின்னர் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எலியாஸ் கனெத்தியின் தம்பி. 1947இல் மோன்மார்த்ரில் ‘த்ருவா போதே’ (மூன்று கழுதைகள்) என்ற சிறிய அரங்கைத் தொடங்கிய அவர், அதே காலத்தில் ஒலிப்பதிவு நிறுவனத்தில் கலைப் பொறுப்பாளராகவும் இருந்ததால், இரவு மேடையில் சோதித்த பாட்டைப் பகலில் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. 1952இல் பத்தாஷூ என்ற பாடகி தம் விடுதியில் பாடவைத்த ழோர்ழ் பிராசான்ஸைக் கேட்டு அவருக்குப் ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் இடம் வாங்கித் தந்தவர் கனெத்தியே. அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த மாதிரித் தட்டைக் கேட்டு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக் குடும்பத்து இளைஞரான ழாக் பிரெலைப் பாரிசுக்கு வரவழைத்தவரும் அவரே. போரிஸ் வியான், செர்ழ் கேன்ஸ்பூர் ஆகியோரும் அம்மேடையைக் கடந்தவர்கள். பாடத் தெரியாதவர், பார்க்கச் சகிக்காதவர் என்று பிறர் தள்ளியவர்களிடம் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்த மனிதர் என்ற முறையில், பிரெஞ்சுப் பாட்டு வரலாறு அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

தட்டின் தொழில்நுட்பம் மாறியதும் இதே ஆண்டுகளில்தான். அதுவரை புழங்கிய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானது. கனமானது, கீழே விழுந்தால் உடைவது. சாதாரண அளவுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே கொள்வது. நான்காவது சரணத்துக்கு இடமில்லையென்றால் சரணம்தான் வெட்டுப்படும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலில் நுண்ணிய பள்ளம் வெட்டி, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 45 சுற்றுத் தட்டு வந்தது. பிரான்சில் 1950களின் தொடக்கத்தில் ‘மீக்ரோசியோன்’ என்ற பெயரில் பரவிய இம்முறையில், ஷான்சோனுக்கு வாய்த்த வடிவம் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய நெடுநேரத் தட்டு. பக்கத்துக்கு நான்கு பாட்டு வீதம் எட்டுப் பாட்டுகள் கொண்ட அது, சிற்றரங்கில் ஒருவர் பாடும் வரிசையின் நீளத்தோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. அதிகம் விற்றதோ நான்கு பாட்டு அடங்கிய, படம் அச்சிட்ட உறையோடு கூடிய 45 சுற்றுத் தட்டு. நெடுநேரத் தட்டின் விலை மாணவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. லியோன் நகரத்துத் தெப்பாஸ் நிறுவனம் கைப்பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்லத்தக்க மின் இசைப்பெட்டிகளைச் செய்து விற்றபின், தட்டு கேட்பது வரவேற்பறையை விட்டு மாணவர் அறைக்கும் போயிற்று.

பிராசான்ஸின் முதல் தட்டுகள் 1952இல் 78 சுற்றுத் தட்டுகளாகவே வந்தன. பழைய தொழில்நுட்பத்தின் வாசலில் ஏறிப் புதியதில் அமர்ந்தவர் அவர். தென்கடற்கரை ஊரான சேத்தில் 1921இல் பிறந்தவர். போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் கட்டாய உழைப்புக்கு அனுப்பிய முகாமிலிருந்து விடுப்பில் வந்து திரும்பாமல், பாரிஸின் ஃப்ளோரிமோன் சந்தில் ழான் என்ற ஏழைப் பெண்ணின் வீட்டில் ஒளிந்திருந்தவர். குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் இல்லாதிருந்த அவ்வீட்டிலேயே, புகழ் பெற்ற பின்னும் நீங்காமல், மொத்தம் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அவருடைய தட்டில் கேட்பவை அவர் கையின் கிட்டார், துணைக்கு இன்னொரு கிட்டார், பியெர் நிக்கோலாவின் டபுள்பாஸ் ஆகியவையே. ஏறத்தாழ முப்பதாண்டு இந்த அமைப்பு மாறவில்லை. முதல்முறை கேட்பவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் தோன்றும். நாலைந்து முறை கேட்டபின், கிட்டாரின் சீரான தட்டலுக்கு மேலே குரல் தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் விழுவதும், ஜாஸிலிருந்து கற்ற சுரநகர்வுகள் எளிமையான மெட்டுக்கு அடியில் ஓடுவதும் புலப்படும். மேடையில் அவர் நாற்காலியொன்றின்மேல் காலை ஊன்றி, வியர்த்து வழியப் பாடினார். பார்வையாளர்முன் நிற்க அவருக்கு இறுதிவரை அச்சம். தட்டில் அந்த அச்சம் இல்லை, பக்கத்தில் அமர்ந்து சொல்லும் குரல் மட்டுமே இருக்கிறது என்பதால், பிராசான்ஸின் உண்மையான மேடை தட்டே என்று கொள்ளலாம்.

பிரெஞ்சுப் பாட்டின் யாப்பில் ஒரு நுணுக்கத்தை இவ்விடத்தில் விளக்குவது நல்லது. சொல்லின் இறுதியில் வரும் ‘எ’ உயிர் பாரிஸ் பேச்சில் ஒலிக்காமல் விழுங்கப்படும். செய்யுளிலோ, அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அது ஓர் அசையாக எண்ணப்படும், உயிரொலியில் தொடங்கினால் கெடும். தமிழ்ச் செய்யுளில் குற்றியலுகரம் வருமொழி உயிர் முன் கெடுவதை அறிந்தவருக்கு இது புதிதாக இராது. பிராசான்ஸ் இவ்வுயிரை ஓரிடத்தில் செய்யுள் முறைப்படி ஒலித்தும், அடுத்த அடியில் தெருப்பேச்சுப்படி விழுங்கியும் பாடுவதால், இடைக்காலக் கவிஞரின் நடையும் கடைத்தெருக் கொச்சையும் ஒரே பாட்டில் மாறிமாறி வருகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் வியோனின் செய்யுளுக்கும், விக்தோர் உய்கோவுக்கும், போல் ஃபோருக்கும் அவர் மெட்டமைத்தார். பொதுவுடைமையரான லூயி அராகோனின் கவிதை ஒன்றுக்கும் கத்தோலிக்கரான ஃப்ரான்சி ழாமின் வேண்டுதல் கவிதைக்கும் அவர் ஒரே மெட்டைப் பயன்படுத்தினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே இசை ஒன்றில் காதலின் துயரமாகவும் மற்றொன்றில் செபமாகவும் ஒலிப்பது வியப்பூட்டும்.

தட்டுக்கு இன்னொரு விடுதலையும் இருந்தது. வானொலி அரசின் தனியுரிமையாக இருந்த பிரான்சில், ஒலிபரப்பத்தகாத பாட்டுகளை அதிகாரிகள் தள்ளிவைத்தார்கள். நீதிபதிகளையும் மரணதண்டனையையும் தாக்கிய பிராசான்ஸின் ‘லெ கோரில்’ (கொரில்லா) அவ்வாறு தடுக்கப்பட்டது. எல்லைக்கப்பாலிருந்து ஒலிபரப்பிய ‘யூரோப் 1’ நிலையம் 1955இல் தொடங்கியபிறகே அது காற்றில் ஏறியது. போரிஸ் வியானின் ‘லெ தெசெர்த்தேர்’ (படையை விட்டோடியவன்) இதைவிடக் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதமாக அமைந்து போருக்குப் போக மறுக்கும் அப்பாட்டைப் பாடகர் முலூஜி முதலில் மேடையில் பாடியது 1954 மே 7, வியட்நாமில் தியென் பியென் ஃபூ கோட்டை பிரெஞ்சுப் படையின் கையை விட்டுப்போன நாள். அவ்வாண்டு நவம்பரில் அல்ஜீரியப் போரும் மூண்டது. வானொலி மறுத்த இப்பாட்டுகளை விரும்பியவர் தட்டை வாங்கி, வீட்டில் நண்பர்களோடு கேட்டார். ஒரு சமூகம் தன் அரசு பேசவிடாததைத் தனியறையில் கேட்டுப் பழகியது என்பதும் இந்த எட்டுப்பாட்டுத் தட்டுகளின் வரலாற்றில் அடங்கும்.

பாட்டு இலக்கியமா என்ற வாதமும் இக்காலத்தில் கிளம்பியது. பாடகர் லெயோ ஃபெரே 1957இல் போதலேரின் கவிதைகளை மட்டுமே கொண்டு ஒரு தட்டு வெளியிட்டார். 1961இல் அராகோனின் கவிதைகளுக்கு இன்னொன்று. தட்டுறையில் எழுத்தாளர்கள் முன்னுரை எழுதினார்கள். கேன்ஸ்பூரின் 1958ஆம் ஆண்டு முதல் தட்டுக்கு நாவலாசிரியர் மர்செல் ஏமே எழுதியது அவ்வகை. செகேர்ஸ் பதிப்பகம் தற்காலக் கவிஞர் வரிசையில் ஃபெரே, பிராசான்ஸ், பிரெல் மூவருக்கும் 1962 முதல் 1964 வரை ஆண்டுக்கொன்றாக நூல் போட்டது. 1967இல் பிரெஞ்சு அகாதெமி பிராசான்ஸுக்குக் கவிதைப் பரிசு அளித்தது. இப்பெருமைகள் தகும். ஆயினும் அச்சிட்ட வரிகளை மட்டும் படிப்பவர் பாட்டின் பாதியை இழக்கிறார். பிரெலின் ‘லா வால்ஸ் ஆ மில் தான்’ (ஆயிரம் தாள வால்ஸ்) மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் விரைவு கூடி, இறுதியில் மூச்சுவிட இடமின்றிச் சொல் பறக்கும் பாட்டு. தாளில் அது சொற்பெருக்காகவே தெரியும். அதே பெயரில் 1959இல் வந்த தட்டில்தான் ‘நெ மெ கித் பா’வும் (என்னை விட்டுப் போகாதே) இருக்கிறது, அதில் ஓந்த் மார்த்னோ என்ற மின்னிசைக் கருவியின் நடுங்கும் ஒலி, கெஞ்சும் குரலுக்குப் பின்னே மனிதக்குரல்போல் எழுகிறது. பாட்டுக்கு மூலப்பிரதி தட்டே, நூல் அதன் நிழல் என்பதே இவ்வாதத்துக்குத் தகுந்த விடை.

சிற்றரங்கின் அமைதி தட்டில் முழுமையாகக் குடியேறியதற்குச் சான்றாக ஒன்றைச் சுட்டவேண்டுமானால், அது ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக 1964இல் பதிவான ‘பார்பரா ஷான்த் பார்பரா’ (பார்பரா பாடும் பார்பரா). மோனிக் செர்ஃப் என்ற இயற்பெயருடைய பார்பரா, போர்க்காலத்தில் ஊர்ஊராக ஒளிந்து உயிர்தப்பிய யூதக் குடும்பத்துப் பெண். 1958 முதல் லெக்லூஸில் இரவின் கடைசிப் பாடகியாகப் பாடி ‘நள்ளிரவுப் பாடகி’ என்று பெயர்பெற்றார். 1959இல் அவருடைய 25 சென்டிமீட்டர் தட்டு அந்த அரங்கின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்தது. அங்கே அவர் பாடியவை பிராசான்ஸ், பிரெல் பாட்டுகளும் பழைய கஃபே கோன்செர் பாட்டுகளும். தம் சொந்தப் பாட்டுகளை எழுதியவர் யாரென்று சொல்லாமல் இடையே நுழைத்துப் பாடிய காலமும் உண்டு. 1964ஆம் ஆண்டுத் தட்டின் 12 பாட்டுகளில்தான் அவர் தம் பெயரில் முழுமையாகப் பேசுகிறார். பியானோ அவருடையது, டபுள்பாஸும் அக்கார்டியனும் தொலைவிலிருந்து சேர்கின்றன. ‘பியெர்’ என்ற பாட்டில், மழையில் ஒருவர் வரவுக்குக் காத்திருக்கும் பெண்ணின் சொல் தீர்ந்த இடத்தில் மெட்டு வெறும் முனகலாகத் தொடர்கிறது.

அத்தட்டின் நடுநாயகம் ‘நாந்த்’. நெடுநாள் பிரிந்திருந்த தந்தை இறக்கும் தறுவாயில் மகளை அழைக்கிறார். மழை பெய்யும் நாந்த் நகரத்துக்கு அவள் வந்துசேரும்போது காலம் கடந்துவிட்டது. பார்பராவின் தந்தை 1959 டிசம்பரில் அந்நகரத்தில் இறந்தவர். பாட்டை அவர் சில ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். பாடும்போது குரல் உயர்ந்து அழுவதில்லை. செய்தி சொல்பவரின் நிதானத்தோடு தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லப்படுகின்றன. அத்தெரு பாட்டுக்காகக் கற்பித்துக்கொண்டது. சிறுவயதில் தந்தையால் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை, மறைந்தபின் 1998இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் பார்பரா எழுதியிருந்தார். அதை அறிந்தபின் இப்பாட்டைக் கேட்பவருக்கு, அந்த நிதானம் எவ்வளவு வலியின்மேல் கட்டப்பட்டது என்பதும், மன்னிப்பு என்ற சொல்லை ஆளாமலே மன்னிப்பைப் பாடியிருப்பதும் விளங்கும். தட்டு 1965இல் ஷார்ல் குரோ அகாதெமியின் பெரும்பரிசைப் பெற்றது. 1986இல் நாந்த் நகரம் தன் தெரு ஒன்றுக்குப் பாட்டில் வந்த பெயரையே சூட்டியது. விழாவுக்குப் பார்பரா வந்திருந்தார்.

இதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1954இல் புரூனோ கொக்காத்ரிக்ஸ் மீண்டும் திறந்த ஒலிம்பியா அரங்கு, சுமார் 2,000 பேரை அமரவைத்துச் சிற்றரங்கின் பாடகர்களைப் பெருங்கூட்டத்துக்குப் பழக்கியது. பிரெலின் ‘ஆம்ஸ்தர்தாம்’ 1964 ஒலிம்பியா மேடைப்பதிவாகவே நிலைத்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் அதைப் பாடிப் பதியவேயில்லை. 1959இல் யூரோப் 1 தொடங்கிய இளைஞர் நிகழ்ச்சியும் மலிவான டிரான்சிஸ்டரும் ராக் இசையைப் பரப்பின. ‘யே-யே’ எனப்பட்ட புதிய பாட்டுகளுக்கு முன் சிற்றரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. பிரெல் 1967இல் மேடையை விட்டு விலகினார். பசிபிக் தீவில் வாழ்ந்து, நோயோடு திரும்பிப் பாரிசில் அவர் பதிந்த கடைசித் தட்டு 1977இல் வந்தபோது, முன்பதிவு பத்து லட்சத்தளவில் இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரும், 1981இல் பிராசான்ஸும், 1993இல் ஃபெரேயும், 1997இல் பார்பராவும் மறைந்தார்கள். கனெத்தியின் த்ருவா போதே அரங்கைப் பாரிஸ் நகராட்சி 2009இல் பிரெஞ்சுப் பாட்டுக்கென்றே மீண்டும் திறந்தது.

இத்தட்டுகள் இன்று எளிதில் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலும் புகழ்பெற்ற பாட்டுகளைக் கலைத்து அடுக்கிய தொகுப்புகளாகவே கைக்கு வருகின்றன. பிரெஞ்சு அறியாத தமிழர் இம்மரபை அணுக விரும்பினால் அத்தொகுப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம். பாட்டுகளின் பொருளை முதலில் படித்துக்கொண்டு, ‘பார்பரா ஷான்த் பார்பரா’வையோ பிராசான்ஸின் தொடக்கக் காலத் தட்டு ஒன்றையோ, அது வெளிவந்த வரிசையிலேயே, வேறு வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும்.